யாரும் கை வைக்கக் கூடாது

"அதை வாங்காதீங்க."

குரல் பின்னாலிருந்து வந்தது. கடையில் அத்தனை பேர் இருந்தும், அது தனக்குத்தான் என்று அவளுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. திரும்பவில்லை. அறிவுரை சொல்ல வருகிறவர்களைத் திரும்பிப் பார்த்தால் பாய் விரித்துப் படுத்தே விடுவார்கள்... அது அவள் அனுபவம்.

அவள் முன்னால் இரண்டு லேப்டாப்புகள் திறந்திருந்தன. அதில் ஒன்றில் அவளுடைய பென்டிரைவ் செருகியிருந்தது. விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடப் போகிறவர்கள் லேப்டாப் வாங்கும் விதமே தனி. மற்றவர்கள் நிறம் பார்ப்பார்கள், எடை பார்ப்பார்கள், தூக்கிக் காட்டி வீட்டுக்காரரைக் கேட்பார்கள். இவர்கள் பென்டிரைவில் முழு லினக்ஸையும் ஏற்றி எடுத்து வந்து, கடை மெஷினில் செருகி, உள்ளே இருப்பதைத் தொடாமல் அதிலிருந்தே ஓட்டிப் பார்ப்பார்கள். சத்தம் வருகிறதா, மூடித் திறந்தால் விழிக்கிறதா, வைஃபை தெரிகிறதா... எல்லாவற்றையும் சோதித்துவிட்டுத்தான் பேச்சே.

டை கட்டிய விற்பனையாளர் பக்கத்தில் நின்று விரலைப் பிசைந்துகொண்டிருந்தார். "மேடம், வைரஸ் ஏதாவது..."

"வைரஸ் இல்லைங்க. லினக்ஸ்."

"அதைத்தான் கேட்கிறேன் மேடம். அது வந்தா வாரண்டி போயிடுமா?"

பின்னால் சிரிப்புச் சத்தம். இப்போது திரும்ப வேண்டியதாகிவிட்டது.

நெடுநெடுவென்று ஒருவன். வெளியே தூறிக்கொண்டிருந்த மழையில் பாதி அவன் மூக்குக்கண்ணாடியில் ஒட்டியிருந்தது. அந்தத் துளிகளுக்குப் பின்னால் இரண்டு கண்கள்... கேலி செய்கின்றனவா, கவலைப்படுகின்றனவா என்று பிரித்துச் சொல்ல முடியாத கண்கள். கையில் ஒரு பென்டிரைவ். கண்ணாடி தொங்கவிடும் கறுப்புக் கயிற்றில் கட்டியிருந்தான்.

'ஐயோ, நம்ம ஜாதி' என்று அவள் மனசு ஒரு துள்ளு துள்ளியது. அடங்கு என்றாள் மனசிடம்.

"உங்ககிட்ட யாராவது கேட்டாங்களா?"

"இல்லைங்க. நீங்க முடிச்சதும் அதே மெஷினை நானும் பார்க்கணும்னு நின்னேன். வைஃபை தெரியலைன்னு நாலாவது தடவையா தேடுறீங்க. அந்தச் சிப்பு அப்படித்தான், அதை ஓட்டுற மென்பொருள், டிரைவர், தனியாப் போடணும். பக்கத்துல இருக்கிறதுல எல்லாமே தானா ஓடும். அதை எடுங்க."

"பக்கத்துல இருக்கிறதோட திரையைப் பார்த்தீங்களா? சோகை பிடிச்ச மாதிரி இருக்கு. நான் புத்தகத்துக்குப் பக்கம் வடிவமைச்சுப் போடுறவ. காலையில உட்கார்ந்தா சாயங்காலம் வரைக்கும் எழுத்தைப் பார்க்கணும். ஒரு புள்ளி மங்கினாலும் எனக்குத் தலைவலி. வைஃபையை வழிக்குக் கொண்டுவரலாம். திரையை மாத்த முடியுமா?"

அவன் குனிந்து இரண்டு திரைகளையும் பார்த்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தான். பிறகு நிமிர்ந்தான்.

"நீங்க சொல்றதுதான் சரி. கண்ணுக்கு இதுதான் நல்லது. கண்ணு சோதிக்கிறவன் நான், எனக்கே இது தோணலை."

தப்பை இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொள்கிற ஆணை அவள் அதுவரை பார்த்ததில்லை. அதனாலேயே கோபம் வந்தது. சண்டைக்கு இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது எதிராளி உட்கார்ந்துவிட்டால் யாருக்குத்தான் வராது?

"இதையே போடுங்க" என்றாள் விற்பனையாளரிடம்.

*

அவளுக்கு இந்த லேப்டாப் ஏன் இவ்வளவு முக்கியம் என்று சொல்லாவிட்டால் கதை புரியாது.

வீட்டில் அவளுக்குப் 'பாப்பா' என்று பெயர். இருபத்தெட்டு வயதுப் பாப்பா. அண்ணன் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவர். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்தவர், காய்ச்சல் வந்தால் விடிய விடிய உட்கார்ந்திருந்தவர்... நல்லவர்தான், யார் இல்லை என்றது? ஆனால் அவள் பழைய லேப்டாப்பில் அட்மின் அவர். வாங்கிய அன்று, "இப்போதைக்கு என் பாஸ்வேர்டு போட்டிருக்கேன் பாப்பா, அப்புறம் மாத்திக்கலாம்" என்றார். அந்த 'அப்புறம்' இன்று வரை வரவில்லை. ஓர் எழுத்துரு ஏற்ற வேண்டுமென்றாலும் திரையில் பெட்டி ஒன்று எழும்பி அட்மின் பாஸ்வேர்டு கேட்கும். அவள் அண்ணனைக் கேட்க வேண்டும். அண்ணன் மீட்டிங்கில் இருப்பார்.

போன மாதம் அப்படித்தான் ஒரு வேலை கைவிட்டுப் போனது. பதிப்பாளர் எழுத்துருவை மாற்றச் சொன்னார். அண்ணன் மீட்டிங் முடிந்து வருவதற்குள் அவர் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அன்று அவள் அழவில்லை. ஆத்திரம் அழுகையை முந்திக்கொண்டது. இப்போது ஒரு பள்ளி அறிவியல் புத்தகம் கிடைத்திருக்கிறது. முதல் அத்தியாயத்தை ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள் அனுப்ப வேண்டும், பிடித்திருந்தால் மொத்தப் புத்தகமும் அவளுக்கு. அதை அவளுடைய மெஷினிலிருந்துதான், அவள் மட்டும் அறிந்த பாஸ்வேர்டில் அனுப்புவாள். அதில் அண்ணனிடம் மட்டுமில்லை, ஆண்டவனிடமும் அனுமதி கேட்க மாட்டாள். இதுதான் சபதம்.

*

கடையை விட்டு வெளியே வந்தபோது தூறல், மழையாகியிருந்தது. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"எதிர்ல தெரியுதே கண்ணாடிக் கடை, அது என்னோடது." அவன் மறுபடி பின்னால் நின்றான். பின்னாலேயே நிற்பதற்கு நேர்ந்துகொண்டு பிறந்தவன் போலிருக்கிறது. "மழை விடுற வரைக்கும் வாங்க. மிச்சச் சண்டையை அங்க போடலாம்."

"சண்டை முடிஞ்சுது. நான் ஜெயிச்சுட்டேன்."

"அப்ப பரிசு வாங்கிக்க வாங்க. டீ தர்றேன்."

சிரித்துவிட்டாள். சிரிக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டேதான் சிரித்தாள். இருவரும் தெருவைக் குறுக்கே ஓடிக் கடந்தார்கள். பெட்டி நனையாமல் இருக்க அவள் குனிந்து ஓட, அவள் நனையாமல் இருக்க அவன் குடையை அவள் பக்கமாகவே பிடித்து, கடைக்குள் நுழையும்போது ஒரு பக்கம் முழுக்க ஈரமாகியிருந்தான்.

சின்னக் கடை. சுவர் முழுக்கக் கண்ணாடிச் சட்டங்கள். நடுவே நடுவே கையகல ஆடிகள்... எங்கே திரும்பினாலும் அவள் முகமே தெரிந்தது. ஈரமான நெற்றி, சிவந்த மூக்கு. கடைக்கோடிச் சுவரில் கண் சோதிக்கும் எழுத்துப் பலகை.

"கடைசி வரி படிங்க பார்க்கலாம்."

"நான் ஒண்ணும் கண்ணைக் காட்ட வரலை."

"வந்ததிலேருந்து அதைத்தான் காட்டிட்டு இருக்கீங்க" என்றான் அவன், கெட்டிலை வைத்துக்கொண்டே. சொல்லிவிட்டுத் தானே வெட்கப்பட்டுக் கோப்பையைத் தேடினான்.

அவளுக்குக் காது சுட்டது. அறிமுகமாகி அரை நாழிகை ஆகவில்லை, இவனுக்கு வாய் எவ்வளவு நீளம்... என்று நினைத்தாள். அந்த வாய் இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்றும் நினைத்தாள்.

மேஜைமேல் பெட்டியைப் பிரித்தாள். பென்டிரைவைச் செருகினாள். திரை விழித்தது. 'நிறுவு' என்பதை அழுத்தப் போன நேரத்தில் ஃபோன் அடித்தது. அண்ணன்.

"பாப்பா, எங்க இருக்க? உங்க அண்ணி ஏதோ லேப்டாப்னு சொல்றா. என்னைக் கேட்காம எதுவும் வாங்கிடாத."

"வாங்கிட்டேன் அண்ணா."

வாசலுக்கு வந்து நின்று கால் மணி நேரம் பேசினாள். பேசினாள் என்பது சும்மா ஒரு வார்த்தைக்கு. உனக்கென்ன தெரியும் என்று அவர், தெரிஞ்சுதான் வாங்கினேன் என்று இவள், ரெண்டு நாள்ல அழுதுக்கிட்டு என்கிட்டதான் வருவ என்று அவர். கடைசியில் அவளே வைத்துவிட்டாள். மூச்சு வாங்கியது. மழையைக் கொஞ்ச நேரம் வெறித்துவிட்டு உள்ளே வந்தாள்.

அவன் முகமெல்லாம் பல்லாக லேப்டாப்பை அவள் பக்கம் திருப்பினான்.

"முடிஞ்சுது. லினக்ஸ் போட்டாச்சு, வைஃபையும் வந்தாச்சு. நீங்க ஃபோன்ல கஷ்டப்பட்டுட்டு இருந்தீங்களா, அதான் நானே முடிச்சுட்டேன். பாஸ்வேர்டு ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இப்போதைக்குத்தான். அப்புறம் மாத்திக்கலாம்."

இப்போதைக்குத்தான். அப்புறம் மாத்திக்கலாம்.

அவள் திரையைப் பார்த்தாள். எல்லாம் அழகாக இருந்தது. எதுவும் அவளுடையதாக இல்லை.

"யாரைக் கேட்டுப் பண்ணீங்க?"

"உதவிதானேங்க..."

"நான் கேட்டேனா? என் மெஷின்ல முதல் பாஸ்வேர்டை நான் போடணும்னு நாலு வருஷமா காத்துட்டு இருந்தேன். டீ கொதிக்கிற நேரத்துல நீங்க போட்டுட்டீங்க. எங்க அண்ணனும் இப்படித்தான். உதவிங்கிற பேர்ல எல்லாத்தையும் அவர் கையிலேயே வெச்சுக்குவார். உங்க யாருக்குமே ஒரு பொண்ணு முன்னால கீபோர்டு இருந்தா கை சும்மா இருக்காதா?"

அவன் முகம் சுருங்கியது. அவனுக்கும் ரோஷம் இல்லாமலா? "நல்லது பண்ணா இப்படித்தான் பேச்சு கேட்கணும் போல."

"நல்லதுன்னு நீங்களே முடிவு பண்ணிக்கிட்டா அப்படித்தான்."

பெட்டியில் எல்லாவற்றையும் திணித்துக்கொண்டு எழுந்தாள். அவன் அவசரமாகக் குடையை எடுத்தான். ரோஷத்தோடுதான் எடுத்தான், ஆனாலும் எடுத்தான். "மழை பெய்யுது..."

"தெரியுது. அதுவும் நான் கேட்காம பெய்யுது."

அவள் போன பிறகு அவன் வெகுநேரம் வாசலிலேயே நின்றான். டீ ஆறிப்போயிருந்தது.

*

ஞாயிறு காலை. சாப்பாட்டு மேஜை போர்க்களமாகியிருந்தது.

அவள் விடிந்ததும் முதல் வேலையாக அவன் போட்டதை முழுக்க அழித்துவிட்டுத் தானே முதலிலிருந்து போட ஆரம்பித்திருந்தாள். எதிரே அண்ணன், கையைக் கட்டிக்கொண்டு. சமையலறை வாசலில் அண்ணி, தோளில் துண்டோடு. அண்ணிக்கு இந்த வேடிக்கையில் இருந்த ஆர்வம் டிவி சீரியலில்கூட இருந்ததில்லை.

எல்லாம் ஒழுங்காகப் போனது. வைஃபை மட்டும் தெரியவில்லை.

ஃபோனில் தேடினால் பத்துப் பேர் பத்து விதமாகச் சொன்னார்கள். பழைய லேப்டாப்பில் போட்ட அத்தியாயம் பென்டிரைவில் தயாராக இருந்தது. அதை இந்த மெஷினில் ஏற்றி, கடைசியாக ஒரு தடவை சரிபார்த்து அனுப்ப வேண்டும். அதற்கு வேண்டிய மென்பொருளை இறக்க நெட் வேண்டும். மதியம் நெருங்கிக்கொண்டிருந்தது.

"நான் அப்பவே சொன்னேன்" என்றார் அண்ணன். இந்த மூன்று வார்த்தை வரவில்லையே என்று அவள் காத்திருந்தாள்தான். "கொடு பாப்பா. நான் பழையதையே போட்டுத் தர்றேன். பிடிவாதத்துக்கு ஒரு அளவு வேணும். இல்லேன்னா நாளைக்கே கடையில திருப்பிக் கொடுத்துடலாம்."

"வேண்டாம்."

"வேலை போயிடுமே."

"போகட்டும். என் கையால போகட்டும்."

சொல்லிவிட்டாள். ஆனால் கண் கடிகாரத்துக்குப் போனது. இந்த வேலை போனால் மறுபடி அந்தப் பெட்டி, மறுபடி அந்த மீட்டிங், மறுபடி பாப்பா. வழி தெரிந்த ஒரே ஆள் நேற்றைய கண்ணாடிக் கடைக்காரன். கடை மேஜையில் கிடந்த அவன் விசிட்டிங் கார்டும் அவசரத்தில் லேப்டாப் பெட்டிக்குள் வந்திருந்தது. கிழித்துப் போடத்தான் கையில் எடுத்தாள் என்று அவளே தன்னிடம் சொல்லிக்கொண்டாள்.

"நான் பேசுறேன்" என்றாள் ஃபோனில்.

"தெரியும்" என்றது அவன் குரல்.

"எப்படி? என் நம்பரை உங்களுக்குக் கொடுக்கலையே."

"இவ்வளவு கோபமா 'நான் பேசுறேன்'னு சொல்ல எனக்கு வேற ஆள் கிடையாதுங்க."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்வது இவனிடம் பெரும் பாடாக இருந்தது. "எல்லாத்தையும் அழிச்சுட்டேன். வைஃபை வரலை. எப்படின்னு எனக்குச் சொல்லிக் கொடுக்கணும். கை வைக்கக் கூடாது."

மெதுவாக, "நேத்து நான் பண்ணது தப்பு. ராத்திரி பூரா அதான் ஓடிட்டு இருந்துது. விலாசம் சொல்லுங்க" என்றான்.

வந்தான். நனைந்த குடையோடு வந்து, அண்ணியைப் பார்த்துக் கும்பிட்டு, அண்ணனைப் பார்த்து விழித்து, அவள் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான்.

அண்ணி அதைப் பார்த்துவிட்டாள். "ஏன் தம்பி, கை குளிருதா?"

"இல்லைங்க. கொஞ்சம் அவசரப்படுற கை."

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்காவிட்டால் சிரித்துவிடுவாள். "சொல்லுங்க. முதல்ல என்ன?"

"உங்க ஃபோனை சார்ஜர் கேபிள்ல லேப்டாப்போட சேருங்க."

"ஏன்னு சொல்லுங்க. சும்மா செய்யச் சொல்லாதீங்க."

"வைஃபை ஓடணும்னா டிரைவர் வேணும். டிரைவர் நெட்ல இருக்கு. நெட்டுக்குப் போகணும்னா வைஃபை வேணும்."

"கல்யாணம் ஆனாத்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாத்தான் கல்யாணம் ஆகும்ங்கிற கதை" என்றாள் அண்ணி.

அவன் காதுமடல் சிவந்தது. இவள் கேபிளைத் தப்பான துளையில் இரண்டு தடவை குத்தினாள்.

"அதனால முதல்ல ஃபோன்ல இருக்கிற நெட்டைக் கேபிள் வழியா லேப்டாப்புக்குக் கொடுக்குறோம்" என்று தொண்டையைச் செருமினான். "அதை வெச்சு டிரைவரை இறக்குறோம்."

அவள் தேடினாள். தப்பான இடத்துக்குப் போனாள். அவனுக்கு உடம்பு முழுக்கத் துடித்தது, பார்த்தாலே தெரிந்தது. தோள் முன்னால் வந்தது, கை மட்டும் வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தான். அவள் திரும்பி வந்து, சரியான இடத்தைத் தானே கண்டுபிடித்து அழுத்தினாள். டிரைவர் இறங்கத் தொடங்கியது. பாதியில் சிவப்பு எழுத்தில் பிழை ஒன்று விழுந்தது.

"நகரு பாப்பா" என்று அண்ணன் எழுந்து கீபோர்டுக்குக் கை நீட்டினார்.

"சார், வேண்டாம்." அவன் எழுந்து நின்றுவிட்டான். "தயவுசெஞ்சு கை வைக்காதீங்க. நேத்து நான் வெச்சேன். அவங்களுக்கு எவ்வளவு வலிச்சுதுன்னு பார்த்தேன். அவங்களே பண்ணுவாங்க."

"என் தங்கச்சிக்கு என்ன வலிக்கும்னு நீங்க எனக்குச் சொல்றீங்களா? யாருங்க நீங்க?"

அவள் யாரையும் பார்க்காமல் பிழையைப் படித்தாள். ஃபோன் கேபிள் லேசாகக் கழன்றிருந்தது. அழுத்திச் செருகினாள். மறுபடி ஓடவிட்டாள். ஓடியது... முடிந்தது. மூலையில் சின்னதாக வைஃபையின் விசிறி அடையாளம் முளைத்தது. வீட்டு வைஃபையின் பெயர் வந்து நின்றது. அவள் அதில் இணைந்தாள். மென்பொருளை இறக்கினாள். திரை அட்மின் பாஸ்வேர்டு கேட்டது. அவள் யாரையும் கேட்கவில்லை. அடித்தாள்.

பக்கம் பக்கமாகச் சரிபார்த்து அத்தியாயத்தை மதியத்துக்கு முன்பே அனுப்பினாள். அனுப்பி முடித்து நிமிர்ந்தபோது அண்ணனுடைய கண்களைத்தான் முதலில் பார்த்தாள். அதில் கோபம் இல்லை. வேறு ஏதோ இருந்தது.

"பாஸ்வேர்டு மறந்துட்டா என்ன பண்ணுவ?" என்றார் மெல்ல.

"திரும்ப முதல்லேருந்து போடுவேன் அண்ணா. இப்பத்தான் தெரியுமே."

"அப்ப இந்த வீட்டுல எனக்கு என்ன வேலை?"

அவள் லேப்டாப்பை மூடிவிட்டு அவர் பக்கம் திரும்பினாள். "எனக்கு அட்மின் வேண்டாம். அண்ணன் வேணும். அந்த வேலையை வேற யாராலயும் பார்க்க முடியாது."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். துண்டால் கண்ணைத் துடைத்தது அண்ணி.

"சரி, அதை விடு." அண்ணன் குரலைச் சரிசெய்துகொண்டு அவனைக் காட்டினார். "நான் கேட்டதுக்குப் பதில் வரலை. இவர் யாரு?"

அவன் வாயைத் திறந்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"எனக்குப் பிடிச்சவர்."

அண்ணி சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டாள். அவன் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தான்.

"நேத்துப் பார்த்தேன், நேத்தே சண்டை போட்டேன். அவர்கிட்டகூட இன்னும் சொல்லலை, இப்பத்தான் சொல்றேன். தப்புன்னா தப்புன்னு ஒத்துக்கிறார் அண்ணா. சொன்னா கையைக் கட்டிக்கிட்டு உட்கார்றார். எனக்கு அது போதும்."

"அவர் குடும்பம் என்ன, ஆள் எப்படி... நான் விசாரிச்சு, பார்த்து ஒரு முடிவு பண்றேன்."

"நல்லா விசாரிங்க. பாருங்க. முடிவை நான் பண்ணிட்டேன்."

அண்ணன் ஏதோ சொல்ல வந்தார். அண்ணி அவர் முழங்கையைப் பிடித்தாள். "ஏங்க, கொஞ்சம் உள்ள வாங்க. அடுப்புல என்னவோ கருகுது." அடுப்பில் எதுவுமே இல்லை. அது அண்ணனுக்கும் தெரியும். ஆனாலும் போனார்.

மேஜையில் இருவர் மட்டும். ஜன்னலில் மழை மறுபடி பிடித்துக்கொண்டது.

இவ்வளவு நேரம் சிங்கமாக நின்றவளுக்கு இப்போதுதான் வெட்கம் வந்தது. நிமிரவே முடியவில்லை. "என்ன, ஒண்ணும் சொல்லாம உட்கார்ந்திருக்கீங்க..."

"ஒரு தப்பு பண்ணியிருக்கேன்" என்றான் அவன். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தான். கேலியும் இல்லை, மறைப்பும் இல்லை, அந்தக் கண்கள் நேராக அவளைப் பார்த்தன. "உங்களை ஒரு வார்த்தை கேட்கலை. அந்தக் கடையில நீங்க என்னை முறைச்சீங்களே... அப்பவே ஆசைப்பட்டுட்டேன்."

அவள் நிமிர்ந்தாள். கண் நிறைந்திருந்தது.

"அதுக்கு மட்டும் கேட்க வேண்டாம்" என்றாள்.